இருபத்தேழாம் தேதி ஸ்டிக்கர்கள்

ஹேர் டிரையரைப் பார்த்த பிறகுதான் தோவேவுக்குச் சந்தேகம் வந்தது.

அதற்கு முன் வந்த இருவரில் ஒருவர் ரொட்டிக் கத்தியும் மற்றவர் பிளாஸ்க்கும் கொண்டுவந்திருந்தார்கள். அவளுடையது போன்ற சமையல் சாமான் கடையில் இருக்கக்கூடிய பொருள்கள்தான். இரண்டிலும் கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மூன்றாவதாக வந்த பெண் நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வைத்து, இதற்குப் பதில் அந்தக் கேக் தட்டைக் கொடுங்கள் என்றாள். கடை தொடங்கிய இந்தப் பதினான்கு வருஷத்தில் தலைமுடி சம்பந்தப்பட்ட எதையும் தோவே விற்றதில்லை. ஆனால் பெட்டியின் மேல் பச்சை நிறத்தில் தெளிவாக இருந்தது: 'ஸ்கோவ்லுண்ட் கடை. ஜனவரி 31 வரை மாற்றிக்கொள்ளலாம்.'

டென்மார்க்கில் ஸ்டிக்கர் இல்லாத பரிசு பாதிப் பரிசு. கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசைப் பிரிக்கிறவர்களின் விரல் முதலில் தேடுவது அதைத்தான். பிடித்திருக்கிறது என்று வாய் சொல்லும். கண் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையும். இரண்டு நாள் விடுமுறை கழிந்து இருபத்தேழாம் தேதி கடைகள் திறந்ததும் ஊரே தெருவுக்கு வந்துவிடும். அன்றைக்கு யாரிடமும் ரசீது கேட்கக் கூடாது. ரசீது கேட்பது, உன் அத்தை உன்னை எத்தனை குரோனருக்கு மதித்தாள் என்று கேட்பதற்குச் சமம். ஸ்டிக்கரே சத்தியம்.

அதனால்தான் தோவே ஸ்டிக்கரை எண்ணி எண்ணிக் கொடுப்பாள். ஒரு பொருளுக்கு ஒன்று. வெள்ளை நிறம். தேதியையும் அலமாரி எண்ணையும் பென்சிலால் எழுதித் தன் கையாலேயே ஒட்டுவாள். இது பச்சையாக இருந்தது. பென்சில் எழுத்து எதுவும் இல்லை.

ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கவுண்டரிலிருந்து பின்னறைக்குப் பதினோரு எட்டு. எந்த அலுப்பான நாளிலோ எண்ணி வைத்தது. அங்கே அவள் தம்பி எஸ்பென், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சாலட் கிண்ணத்துக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தான். இணையக் கடை அவனுடையது, தெருக்கடை அவளுடையது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, சரக்கு ஒன்று.

அவள் ஸ்டிக்கரைக் காட்டினாள். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். நவம்பரிலிருந்து போகிற ஒவ்வொரு பார்சலிலும் ஒரு தாள் வைக்கிறானாம். தாளுக்குப் பத்து ஸ்டிக்கர். வாடிக்கையாளர்களுக்கு ஒரு அன்பளிப்பு.

"ஒரு சாமான் வாங்கினவனுக்கு எதுக்குடா பத்து?"

"அச்சகத்துல தாளுக்குப் பத்துன்னுதான் வருது. அதைப் போய் யாரு வெட்டிக்கிட்டு இருப்பா?"

"எத்தனை பார்சல் போச்சு?"

"நானூத்துச் சொச்சம்."

தோவே கணக்குப் போட்டாள். போட்ட பிறகு அங்கேயே நின்றாள். கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. அந்த மௌனத்தைப் பார்த்துப் பழகியவன் அவன். தலையைத் தூக்காமல் டேப்பைக் கிழித்தான்.

"முன்னாடி வந்து நில்லு," என்றாள். "உன் விருந்தாளிங்க வந்திருக்காங்க."

வேறு வருஷமாக இருந்தால் இதை ஒரு கூத்து என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த வருஷம் அவள் மேஜை இழுப்பறையில் ஒரு காகிதம் இருந்தது. கடை வாடகை ஒப்பந்தம், இன்னும் ஐந்து வருஷத்துக்கு. கட்டடச் சொந்தக்காரர் மொயென்ஸ் இன்று மாலை கடை மூடும்போது வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இரண்டு கையெழுத்தும் இல்லையென்றால் பிப்ரவரியிலிருந்து இந்த இடத்தில் கைப்பேசி உறை விற்பார்கள். தோவே தன் கையெழுத்தை டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுவிட்டாள். எஸ்பென் போடவில்லை. புறவழிச் சாலையில் ஒரு கிடங்கைப் பார்த்து வைத்திருந்தான். ஜன்னல் அலங்காரம் வேண்டாம், விளக்கு வேண்டாம், மனிதர்கள் வேண்டாம். அவனைப் பொறுத்தவரை தெருக்கடை ஒரு கண்காட்சி. ஜனங்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், அவள் வாயாலேயே எல்லா விவரமும் கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் கதவுக்கு வெளியே நின்றே கைப்பேசியில் வேறெங்காவது பத்துக் குரோனர் குறைவாக வாங்கிவிடுவார்கள். அவன் சொன்னது பொய்யில்லை. அவளே எத்தனையோ முறை கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் கிடங்கை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. அதற்குக் காரணம் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாது.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பரிசு மாற்றும் நாளன்று கடை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் முடிவு செய்யலாம்.

இதோ, கடை நடந்துகொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு ஏரோ தீவுப் படகு வந்து சேர்ந்ததும் வரிசை கதவைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கதவு மிதியடி ஒன்று வந்தது. தூண்டில் உருளை வந்தது. டிரில் மிஷின் முனைகளின் பெட்டி வந்தது. எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர். ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. கையில் ஒன்பது மிச்சம் இருந்தால் யார்தான் வீணாக்குவார்கள்? எங்கே வாங்கினது, எதில் ஒட்டுகிறோம் என்று பார்க்காமல் வீட்டில் இருந்த பரிசுகள் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டிருந்தார்கள். கடைத் தேங்காயை யாரோ தெருவெல்லாம் உடைத்துவிட்டுப் போனது போல இருந்தது தோவேவுக்கு. உடைத்தவன் பக்கத்திலேயே நின்று எல்லோருக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மின்னஞ்சலில் எஸ்பென் வாடிக்கையாளர்களிடம் அழகாகப் பேசுவான். மறுக்க வேண்டியதை மூன்று பத்தியில் மறுத்து, நன்றியும் வாங்கிவிடுவான். நேரில் அது முடியவில்லை. எதிரே ஈரக் கோட்டோடு ஒரு ஆள் நின்றால் அவன் கண் தரைக்குப் போய்விடும். தூண்டில் உருளையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வறுவல் சட்டியைக் கொடுத்தனுப்பினான். தோவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுச் செருப்பு கொண்டுவந்தவரிடம் மட்டும் அவள் முடியாது என்றாள். நாற்பத்துநான்காம் எண் செருப்பு. நாங்கள் பாத்திரக் கடை என்றாள். அவர் சண்டைக்காரர் இல்லை. பொறுமையாக ஸ்டிக்கரைத் தடவிக் காட்டினார்.

"இது உங்க கடை பேருதானே?"

"பேரு எங்களோடது. செருப்பு எங்களோடது இல்ல."

"மாத்திக்கலாம்னுதானே போட்டிருக்கு. எதைன்னு போடலையே."

வரிசையில் யாரோ, "பாயிண்டுதான்," என்றார்கள். நாலைந்து பேர் மூக்குக்குள் சிரித்தார்கள். பிறகு அந்த வரிசை மௌனமானது. இந்த ஊர் ஜனங்கள் சத்தம் போட மாட்டார்கள். சும்மா நின்று பார்ப்பார்கள். அதற்குச் சத்தமே தேவலை. செருப்புக்காரர் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகும் அவர் சொன்னது சரிதானே என்று தோவேவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இதற்கு நடுவில் எஸ்பெனுடைய டேப்லெட் மணி அடித்தது. இணையத்தில் ஒன்று விற்றால் அது கோயில் மணி மாதிரி ஒரு முறை அடிக்கும். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, வரிசையில் நான்காவதாக நின்ற பெண்ணிடம் போய், அவள் கையில் இருந்த நீலக் குவளையைத் தயவுசெய்து கீழே வைக்க முடியுமா என்று கேட்டான். அது கடைசிக் குவளை; இப்போதுதான் ஓல்போர் நகரில் ஒருவர் வாங்கிவிட்டாராம். அந்தப் பெண் குவளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கையில வெச்சிருக்கவங்களுக்குத்தான்," என்றாள் தோவே.

"பணம் கட்டிட்டாங்க, தோவே."

"இவங்க நாப்பது நிமிஷமா மழையில நின்னிருக்காங்க."

ஓல்போர்க்காரருக்கு மூன்று பத்தி மின்னஞ்சல் போனது.

இது புதிய சண்டை இல்லை. போன வருஷம் இதே மாதிரி ஒன்று பெரிதாக வெடித்தது. தோவேவுக்குக் கவுண்டருக்குக் கீழே ஒரு தட்டு உண்டு. ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன், கணவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்களுக்காக அதை எடுத்து, பெயர் எழுதிய சீட்டைச் செருகி அங்கே வைப்பாள். கணினிக்கு அந்தத் தட்டு தெரியாது. அப்படி எடுத்து வைத்த மூன்று பொருள்களை எஸ்பென் தெரியாமல் இணையத்தில் விற்றுவிட்டான். அதன் பிறகு அவன் ஒரு விதி போட்டான்: கீழே வைக்கிற எதையும் உடனே விற்றதாகப் பதிந்துவிட வேண்டும். திரையில் இருப்பு பூஜ்யம் என்று காட்டட்டும், பிரச்சினை வராது. தோவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் விதியை அப்படியே பின்பற்றினாள்.

இரண்டரை மணிக்குக் கூட்டம் சற்றுக் குறைந்தபோது எல்லினோர் வந்தாள். எஸ்பெனுடைய மாமியார். மனைவி திரினேவின் அம்மா. சக்கரம் வைத்த கடைப்பையை இழுத்துக்கொண்டு வந்து, அதிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வைத்தாள். கறுப்பு வார்ப்பிரும்புப் பானை, மூடியோடு. பெட்டியில் பச்சை ஸ்டிக்கர்.

"ஏம்மா தோவே, தப்பா நெனச்சுக்காத. மாப்பிள்ளையும் திரினேயும் ஆசையாத்தான் குடுத்தாங்க. என் மணிக்கட்டு தாங்கல. லேசா ஒண்ணு குடு."

தோவே சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினாள். அந்தப் பானை இந்த வருஷம் மூன்றே வந்தன. ஒன்றை ஒரு பல் மருத்துவர் ஜன்னலிலிருந்தே எடுத்துப் போனார். இன்னொன்று இணையத்தில் போனது. மூன்றாவது அவள் முழங்காலுக்கு எதிரே, கீழ்த்தட்டில் இருந்தது. டிசம்பர் மூன்றாம் தேதியிலிருந்து அங்கேதான் இருக்கிறது: 'கிர்ஸ்டன் ஹில்கோர்' என்ற சீட்டோடு. வருகிறேன் என்று சொன்ன கிர்ஸ்டன் வரவில்லை.

அப்படியென்றால் இது நான்காவது பானை.

கடைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அவள் எழுதும் பென்சில் எண் இதில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு இணையக் கடையின் சீட்டு பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்து, முழுதாக வராமல், அதன் மேலேயே பச்சை ஸ்டிக்கரின் ஓரம் படும்படி ஒட்டியிருந்தார்கள்.

தோவே நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் துடைக்கும் துணிகள் இருந்த அலமாரி முன் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த துணி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஐந்து வருஷமாக அவன் தெருக்கடையைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இங்கே தொட்டுப் பார்த்துவிட்டு வேறெங்கோ வாங்குகிறவர்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கைப்பேசியைத் தடவுகிறவர்கள். அவர்களில் ஒருவன் பதினோரு எட்டு தள்ளிப் பின்னறையில் உட்கார்ந்திருந்தான்.

"ரசீது ஏதாவது வேணுமாம்மா?" என்றாள் எல்லினோர். குரல் சிறுத்திருந்தது. "திரினேகிட்ட கேட்டா குடுப்பா. இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒரே ஒரு தடவ அடுப்புல ஏத்திட்டேன். சிவப்பு முட்டைக்கோஸ்."

மூடியைத் திறந்தால் உள்ளே ஊதா வளையம். சமைத்த பானையை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். எல்லினோருக்கும் அது தெரியும்.

"ரசீதெல்லாம் வேண்டாம்," என்றாள் தோவே. "ஸ்டிக்கர்தான் இருக்கே."

லேசான அலுமினியப் பானை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாற்றியதைப் பதிந்தாள். இயந்திரம் வழக்கம்போல வார்ப்பிரும்புப் பானை இருப்பில் ஒன்று ஏற்றிக்கொண்டது. எல்லினோர் போகும்போது மருமகனின் கன்னத்தைத் தட்டி, நம்ம கடைன்னு ஒண்ணு இருக்கறது எவ்வளவு வசதி என்றாள். அவன் ஆமாம் என்றான். அந்த ஆமாம் வெளியே கேட்டிருக்காது.

நான்கு மணிக்குக் கதவின் பலகையைத் திருப்பிப் போட்டாள். டிசம்பர் மாதம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. தோவே கீழ்த்தட்டிலிருந்து கிர்ஸ்டனின் பானையை எடுத்து எல்லினோரின் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து அவற்றுக்கு முன்னால் வைத்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள்.

எஸ்பென் இரண்டு பானைகளையும் வெகுநேரம் பார்த்தான்.

"பூஜ்யம்னு காட்டிச்சு," என்றான் கடைசியில்.

"பூஜ்யம்னு போடச் சொன்னது நீ."

"பத்தொம்பதாந் தேதி ஆயிடுச்சு. அம்மாவுக்கு இந்தப் பானைதான் குடுக்கணும்னா திரினே. வேற எங்க போறது?"

"இங்க வர்றது. பதினோரு எட்டு. எந்திரிச்சு வந்து என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

தெருவில் யாரோ ஒரு சூட்கேஸை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"கேட்டா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பே," என்றான் அவன். கோபமில்லாமல்தான் சொன்னான். "என்ன கேட்டாலும். இருக்கான்னு கேட்டாக்கூட. திரைக்கு மூஞ்சி கிடையாது."

தோவே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது தன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. எதிரே இருண்ட ஜன்னல் கண்ணாடியில், கிறிஸ்துமஸ் அலங்காரமாகத் தொங்குகிற காகித இதயங்களுக்கு நடுவில் அது இருந்தது. இழுத்துக் கட்டிய பை போல.

கிர்ஸ்டன் ஹில்கோரின் எண் சீட்டிலேயே இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு முறை கூட தோவே அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் நெருக்குவது போல ஆகும் என்று நினைத்திருந்தாள். அப்படிக் கேட்காமல் இருந்ததும் ஒரு பூஜ்யம்தான். என்ன, திரையில் காட்டாத பூஜ்யம்.

"நீ வெளியில வாங்கினதைத் திரினேகிட்ட நான் சொல்லப்போறதில்ல," என்றாள். "அதுக்காகக் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே. வேண்டாம்னா வேண்டாம்னு எழுது."

அவன் காகிதத்தை இழுத்துக்கொண்டான். அப்போது கண்ணாடியில் தட்டினார்கள். மொயென்ஸ். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தவர் ஒரு கையை ஒப்பந்தத்துக்காக நீட்டினார். மறு கக்கத்தில் ஒரு பெட்டி.

"வந்ததே வந்தேன். என் பொண்ணு கார் சீட்டுக்கு உறை வாங்கியிருக்கா. எனக்கு ஏது கார்? வித்துட்டேன்னு அவளுக்கு இன்னும் சொல்லல." பெட்டியைக் கவுண்டரில் வைத்து, பச்சை ஸ்டிக்கரை விரலால் தட்டினார். "முப்பத்தொண்ணாந் தேதி வரைக்குமாமே."

தோவே கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எஸ்பென் பெட்டியை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோவே, இது நாம வித்ததா?"

"இல்ல."

"இது நாங்க வித்தது இல்ல மொயென்ஸ். மாத்த முடியாது." தரையைப் பார்க்காமல் சொன்னான். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் முடியாது அதுதான்.

மொயென்ஸ் வாடகை இடத்தின் சுவரையும் கூரையையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஒப்பந்தத்தைக் கேட்டார். எஸ்பென் பேனாவை எடுத்து, அக்காவின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவர் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, கார் உறையோடு மழையில் இறங்கிப் போனார்.

தோவே கதவைப் பூட்டினாள். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். களைப்புதான் வந்தது.

"ஏன் போட்டே?"

"நாலாயிரம் ஸ்டிக்கர் வெளியில சுத்துது. ஒரு மாசத்துக்கு வந்துக்கிட்டே இருப்பாங்க. கடை இல்லேன்னா அந்தக் கிடங்குக்கு வந்து கதவைத் தட்டுவாங்க. அங்க நான் ஒத்த ஆளு."

"இதுக்காடா அஞ்சு வருஷம்?"

அவன் தோளைக் குலுக்கினான். அது மட்டும்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் வேறு ஏதாவது சொல்லிவிடலாம்.

பின்னறையில் மணி அடித்தது. எஸ்பென் போய்ப் பார்த்தான். எல்லினோருக்காகப் பதிந்தபோது இருப்பில் ஏறிய அந்த ஒற்றைப் பானையை யாரோ வாங்கிவிட்டார்கள். கவுண்டரில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றில் முட்டைக்கோஸ் கறை, மற்றொன்றில் கிர்ஸ்டன் ஹில்கோரின் சீட்டு.

"தோவே," என்று அங்கிருந்து குரல் வந்தது. பிறகு பதினோரு எட்டும் நடந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வார்ப்பிரும்புப் பானை. புதுசு ஒண்ணு அனுப்பணும். அதை எடுத்துக்கலாமா, இல்ல அந்தம்மாவுக்கு வெச்சுக்கணுமா?"

அவளுக்குச் சுரீரென்று வந்தது. இன்றைக்கே, இந்த நிமிஷமே கேட்க வேண்டுமா? கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் முகத்தை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியவில்லை. கன்னத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இரு," என்றாள். "கேட்டுடறேன்."

சீட்டை உருவி, எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். எஸ்பென் போகாமல் நின்றான். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தோவே பெருமூச்சு விட்டு மறுபடி அழுத்தினாள்.